நாலு மணிக்கு அணையும் டிவி

போன மாதம் கேமரன் மலையில், தானா ராத்தா டவுனில் நான் வேலை பார்த்த கடைக்குப் போயிருந்தேன். வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனாலும் பஸ் நிலையத்தில் இறங்கினால் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. என் நாற்காலியில் இப்போது கோகிலா என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. அன்றைக்கு என் பழைய மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவள், தடிமனான நோட்டுப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"அக்கா, இது என்னா ஆஸ்பத்திரி புக்கா? 'வலது பெருவிரல் மடங்காது', 'இடது கண் மங்கல்', 'படுத்துக்கொண்டுதான் பார்ப்பார்'னு வீட்டுக்கு வீடு எழுதி வெச்சிருக்கீங்க."

"ரிமோட் புக்கு லா," என்றேன்.

"ஒரு ரிமோட் செட் பண்ணிக் குடுக்கவா இவ்ளோ எழுத்து? இப்ப போன்ல பிராண்டு பேர தட்டுனா அதுவே தேடிக்கிது. அஞ்சு நிமிச வேலை. நீங்க ஒரு வீட்டுல அரை நாள் உக்காந்திருப்பீங்களாமே, டீ குடிக்கவா?"

டீயும் குடித்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் நான் ஒரு மத்தியானம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்காவிட்டால், ஒரு பெண்ணின் வளைகாப்பு நின்றுபோயிருக்கும். கோகிலாவுக்கு அதைச் சொல்லத் தொடங்கும்போதே கடைக்குச் சாமான் வாங்க ஆள் வந்துவிட்டது. அவள் எழுந்து போய்விட்டாள். சொல்ல ஆரம்பித்ததை முடிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பாக்கியம். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள். இருபத்திரண்டு வயதில் அந்த மின்சாமான் கடையில், பொருள்களைத் துடைத்து அடுக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள், மூலையில் கிடந்த ஊமை ரேடியோ ஒன்றை யாரும் கேட்காமலேயே திறந்து, உள்ளே அறுந்திருந்த ஒயரைச் சேர்த்து வைத்தேன். அது பாடியது. திட்டு விழும் என்று பயந்திருந்தேன். முதலாளி என்னை ஈப்போவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். பத்து மாதம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். மூன்று விரலில் சூடு வாங்கினேன், கடைசித் தேர்வில் இரண்டாவதாக வந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

அதன்பிறகு முப்பது வருடத்துக்கு மேல், பெட்டி டிவியிலிருந்து சுவரில் மாட்டுகிற டிவி வரைக்கும், இந்த மலையில் நான் ஏறாத படி குறைவு. கதவைத் திறப்பவர்கள் என் கையிலிருக்கும் கருவிப் பெட்டியைப் பார்ப்பார்கள். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

"டெக்னீஷியன் வரலியாம்மா?"

"வந்தாச்சு. செருப்பு கழட்டிக்கிட்டு இருக்காரு," என்று சொல்லிக்கொண்டே என் செருப்பைக் கழற்றுவேன்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீனர். தவுக்கே என்றுதான் எல்லாரும் அழைப்போம். இளவயதில் மோட்டார் சைக்கிளின் பின்னால் ரேடியோக்களைக் கட்டிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் விற்றவர். லைன் வீடுகளில் அவரோடு பேசிப் பேரத்தை முடித்ததெல்லாம் பெண்கள்தான். அதனால் அவர் கற்றுக்கொண்ட தமிழ் முழுக்கவும் பெண்களோடு பேசுகிற தமிழ். கடைக்கு யார் வந்தாலும் "வாம்மா, உக்காரும்மா"தான். தோட்டத்து ஆள்களை மேய்க்கிற பெரிய மீசை மண்டோர், போலீஸ்காரர், பங்களாவிலிருந்து வரும் துரை, எல்லாரும் அவருக்கு அம்மாதான். யாரும் திருத்தியதில்லை. நான் ஒருமுறை முயன்றேன்.

"ஆம்பளைங்கள 'வாய்யா'ன்னு சொல்லணும் தவுக்கே."

தலையாட்டினார். இரண்டு நாள் பழகினார். மூன்றாம் நாள் எஸ்டேட் கணக்கெழுதும் பெரிய கிராணியார் ஒருவர் உள்ளே வந்தபோது, "வாய்யாம்மா" என்றார். நான் விட்டுவிட்டேன்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் தப்பு செய்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். சின்னத் தப்புக்கு ஒரு பக்கக் கண்ணாடி. பெரிய தப்புக்கு இரண்டும். ஆள் பேசாமல் துடைத்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்துக்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

ஹோம் தியேட்டர் என்ற பேச்சு மலைக்கு வந்தபிறகு எங்களுக்கு வந்த புதுத் தலைவலி ரிமோட். டிவிக்கு ஒன்று, சத்தப் பெட்டிகளை ஓட்டுகிற ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, டிஸ்க் போடுகிற கருவிக்கு ஒன்று, கூரை மேல் மாட்டிய டிஷ் தட்டிலிருந்து வரும் சேனல்களுக்கான டிகோடருக்கு ஒன்று. ஒரு செய்தி கேட்க நாலையும் வரிசை மாறாமல் அழுத்த வேண்டும். மாறினால் படம் வரும், சத்தம் வராது. அல்லது சத்தம் மட்டும் வரும். பாதி வீடுகளில் மகன் கோலாலம்பூரிலிருந்து வந்தால்தான் டிவி ஓடும் என்ற நிலைமை. எனவே நாலுக்கும் சேர்த்து ஒரே யுனிவர்சல் ரிமோட் விற்கத் தொடங்கினோம். அதைத் தேர்ந்தெடுப்பதும் அதற்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை.

தவுக்கே முதல் நாளே சொல்லிவிட்டார். "நீ போய் மொதல்ல அவங்க நாற்காலியில உக்காரும்மா. பத்து நிமிசம். எதுலயும் கை வெக்காதே. ரிமோட் யார் கையில இருக்கு, பாரு. அவங்க எந்திரிச்சுப் போனா எங்க வெக்கிறாங்க, பாரு. அப்பறம் பெட்டியத் தொற."

நான் அதைக் கேட்டுக்கொண்டேன். கடைப்பிடிக்கவில்லை. திரிங்காப்பில் செவ்வந்தித் தோட்டம் வைத்திருந்த ஒருவருக்கு, கடையிலேயே அழகான ரிமோட்டை எடுத்துக்கொண்டு போனேன். பட்டனே கிடையாது, முழுக்கத் தொடுதிரை. நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் அமைத்துக் கொடுத்துவிட்டுப் பெருமையாக இறங்கி வந்தேன். ஒரு வாரம் கழித்து அவர் மனைவி போன் செய்தார்.

"ஏம்மா, இந்த ரிமோட்டு ஏன் என் வெரலுக்கு மட்டும் கேக்குது? இவரு சேனல் மாத்தணும்னா என்னைக் கூப்பிட்டு என் வெரலப் புடிச்சு அதுல வெக்கிறாரு. எனக்கு அடுப்புல வேலை இல்லியா?"

போய்ப் பார்த்தேன். அந்த மனிதர் கையை நீட்டினார். முப்பது வருடம் மண்ணிலும் தண்ணீரிலும் இருந்த விரல்கள், நுனியெல்லாம் காய்ப்பு. அந்தத் திரைக்கு அது விரல் என்றே தெரியவில்லை. தவுக்கே இரண்டு கண்ணாடியையும் துடைத்தார். மறுநாள் பெரிய ரப்பர் பட்டன் வைத்த வேறொன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோட்டுப் புத்தகம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

வேலையை விடுவதற்கு இரண்டு வருடம் இருந்தபோது வந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

எஸ்டேட்டை ஒட்டி, ஓய்வு பெற்றவர்கள் இருக்கிற இரண்டு வரிசை வீடுகள் உண்டு. நடுவே ஒரே ஒரு கார் போகிற பாதை. ஒரு வரிசையில் கிராணியார் நாகலிங்கம், எஸ்டேட் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கமலம். நேர் எதிர் வீட்டில் முனியாண்டி. எஸ்டேட் லோரியை நாற்பது வருடம் ஓட்டியவர், மனைவி இறந்து தனியாக இருந்தார். கிராணியாரின் மகள் மாலதியும் முனியாண்டியின் மகன் சுரேஷும் அந்த ஒற்றைப் பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகி, கல்யாணமும் செய்துகொண்டு ஈப்போவில் இருந்தார்கள். நாற்பது வருடம் கையெழுத்துப் போட்டு லோரியை அனுப்பியவரும் அதை ஓட்டியவரும் சம்பந்திகள் ஆகிவிட்டார்கள்.

சுரேஷ் விவரமான பிள்ளை. மாமனார் வீட்டுக்கு ஒன்று, அப்பா வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஹோம் தியேட்டர் வாங்கினான். இரண்டிலும் ஒரே மாடல் டிவி, ஒரே மாடல் ஆம்ப்ளிஃபயர், ஒரே மாடல் டிகோடர். "ஒரு வீட்டுல ஒரு இன்ச்சு கூடக் கொறையக் கூடாது அக்கா, எனக்கு நிம்மதி வேணும்," என்றான். ரிமோட் மட்டும் அவரவர் கைக்கு ஏற்றபடி என்னையே பார்த்துத் தரச் சொன்னான்.

இந்தமுறை இரண்டு வீட்டிலும் நாற்காலியில் உட்கார்ந்தேன். கிராணியாருக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டன் வேண்டும், ஒவ்வொன்றின் மேலும் எழுத்து இருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு பட்டன் உள்ள ஒன்றைக் கொடுத்தேன். விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துப் பென்சிலால் கோடு போட்டார். முனியாண்டி அண்ணன் வேறு ரகம். தடித்த விரல், படிக்கப் பொறுமை கிடையாது, ரிமோட்டை டிவியைப் பார்த்து நீட்டவும் மாட்டார். மடியில் வைத்தபடி அழுத்துவார். அவருக்கு ஏழே பட்டன். எந்தப் பக்கம் காட்டினாலும் வேலை செய்கிற மாதிரி, முன்விளக்கு பலமான ரிமோட்டாகத் தேடி எடுத்தேன். பச்சைப் பட்டனை அழுத்தினால் எல்லாம் திறக்கும், அதாவது ஓடும்; சிவப்பை அழுத்தினால் எல்லாம் அடையும், அணைந்துவிடும்.

வெளியிலிருந்து பார்த்தால் இது மந்திரம் மாதிரி இருக்கும். வேலை என்னவோ பொறுமைதான். அமைப்புப் பட்டனை விளக்கு இரண்டு தரம் சிமிட்டும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். கம்பெனிக்குரிய நாலு இலக்க எண்ணைப் போட வேண்டும். எண் பட்டியலில் இல்லையென்றால், பழைய ரிமோட்டையும் புதியதையும் மேசையில் தலைக்குத் தலை வைத்து, பழையதில் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் புதியதுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். பிறகு வரிசை. டிவி எழுந்திருக்க எட்டு விநாடி எடுக்கும், அதற்குள் அடுத்த கட்டளையை அனுப்பினால் அது காதில் வாங்காது. ஆகவே நடுவே காத்திருக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசியில் வீட்டுக்காரரை உட்கார வைத்து, நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அவரே பத்து தரம் திறந்து பத்து தரம் அடைக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் தேறியது.

இரண்டு மாதம் கழித்துக் கிராணியார் போன் செய்தார்.

"பாக்கியம், டிவி அதுவாவே அடைச்சிக்கிது. வந்து என்னான்னு பாரு."

போனேன். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருந்தது. சில கருவிகளில் திறக்கவும் அடைக்கவும் ஒரே கட்டளைதான். ஒன்று அதைத் தவறவிட்டால், மற்றதெல்லாம் திறக்கும்போது அது மட்டும் அடையும். தனித்தனிக் கட்டளையாக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாலு நாளில் மறுபடியும் போன். மலைக்குளிரில் பேட்டரி முனையில் ஈரம் பிடித்திருக்கும் என்று சுரண்டித் துடைத்தேன். மறுபடியும் போன். ஆம்ப்ளிஃபயரையே கழற்றிக் கடைக்குத் தூக்கி வந்து மூன்று நாள் ஓடவிட்டேன். ஒரு தரம்கூட அணையவில்லை. திருப்பி மாட்டிய அன்றைக்கே அணைந்ததாம்.

தவுக்கே கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது மாலதி ஈப்போவிலிருந்து கூப்பிட்டாள். ஏழாம் மாதம் அவளுக்கு. ஒன்பது நாளில் அப்பா வீட்டில் வளைகாப்பு வைத்திருந்தார்கள். பேசும்போதே அழுதாள்.

"அக்கா, அப்பா என்னா சொல்றாரு தெரியுமா? 'ஒன் புருசன் அவங்க அப்பாவுக்கு நல்ல செட்டக் குடுத்துட்டு எனக்குக் கெட்டுப்போனதத் தள்ளிவிட்டுட்டான். எதிர் வீட்டுல ஒரு நாளாச்சும் அணைஞ்சிருக்கா?' அப்படிங்கிறாரு. இவரு கோவத்துல, 'ஒங்க அப்பா வீட்டுக்கு நான் வரமாட்டேன்'னுட்டாரு. அப்பா வளைகாப்பே வேணாங்கிறாரு. ஒரு டிவிக்காக அக்கா. எப்படியாச்சும் சரி பண்ணிடுங்க."

தவுக்கேயிடம் சொன்னேன். 

"நீ பெட்டியத் தூக்கிட்டுப் போகாதே. சும்மா போம்மா. போய் உக்காரு."

மறுநாள் மத்தியானம் வெறும் கையோடு போனேன். வெயில் நன்றாக இருந்தது, தேயிலைச் சரிவு முழுக்கப் பளிச்சென்றிருந்தது. டிவிக்கு மேலே ஆணியில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின.

"கண்ணு பட்டிருக்கு பாக்கியம்," என்றார் கமலம் அக்கா, டீயை வைத்தபடி. "இவ்ளோ பெரிய டிவிய ஜன்னல்ல இருந்து பாத்துட்டுப் போவாங்கல்ல."

கிராணியார் ஒரு நோட்டை என் மடியில் வைத்தார். எழுத்து வேலை பார்த்தவர் அல்லவா. நாளுக்கு ஒரு வரி போட்டு, டிவி அணைந்ததைத் தேதி, நேரம், அப்போது ஓடிய நிகழ்ச்சி, வானிலை என்று கோடு போட்ட கட்டத்துக்குள் எழுதியிருந்தார். அணைந்தது மொத்தம் இருபத்து மூன்று தரம். நான் மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன். நாலு ஐந்து. நாலு இரண்டு. நாலு பத்து. மூன்றரைக்கு ஒன்றுகூட இல்லை. ஆறுக்கும் இல்லை. பிறகு வானிலைக் கட்டத்தைப் பார்த்தேன். வெயில். வெயில். மேகம், மழை இல்லை. வெயில். மழை பெய்த நாள்களுக்கு எதிரே எல்லாம் கோடு மட்டும்தான்.

"மழையன்னிக்கு அணையவே இல்லியா ஐயா?"

"இல்ல. மழையன்னிக்கு நல்லாத்தான் ஓடுது. வெயில்ல சூடாயிருதோ என்னமோ. நீதான் சொல்லணும்."

கேமரன் மலை வெயிலில் எந்த டிவியும் சூடாகி அணைந்ததில்லை. நான் கிராணியாரின் நாற்காலியில் உட்கார்ந்தேன். டிவி எதிரே, பின்பக்கச் சுவரில். என் முதுகுக்குப் பின்னால் முன்ஜன்னல், மழையில்லாததால் திரை விலகியிருந்தது. ரிமோட்டை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னேன். கிராணியார் ஒருபுறம், கமலம் அக்கா ஒருபுறம், நடுவில் நான். மூன்று பேரும் ஒரு சமையல் நிகழ்ச்சியைப் பரீட்சை எழுதுகிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரிமோட்டிலிருந்து வரும் வெளிச்சம் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கைப்பேசியில் முகம் பார்த்துப் படம் எடுக்கிற முன்கேமராவுக்குத் தெரியும், ஊதா நிறத்தில் மினுக்கும். எந்த ரிமோட் செத்துவிட்டது என்று பார்க்க நாங்கள் தினமும் செய்கிற காரியம் அது. கைப்பேசியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"படம் எடுத்துக்கிறியா?" என்றார் கிராணியார்.

"இல்ல ஐயா. காவல் காக்கறேன்."

திரையில் என் முகம். என் காதுக்குப் பின்னால் ஜன்னல். அதற்கும் பின்னால் பாதை, முனியாண்டி அண்ணன் வீட்டுக் கார் நிறுத்துமிடம், அவர் வீட்டு ஜன்னல். நாலு மணி மூன்று நிமிடம். என் காதுக்குப் பக்கத்தில், எதிர் வீட்டு ஜன்னலில், ஒரு ஊதாப் பொட்டு படபடவென்று மினுக்கியது. சமையல்காரி வெங்காயம் வதக்கிக்கொண்டே அணைந்துபோனாள்.

"பாத்தியா, பாத்தியா," என்று கிராணியார் பேனாவைத் தேடத் தொடங்கினார்.

 வெளியே ஒயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன்.

முனியாண்டி அண்ணன் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். நடுவே ஸ்டூலில் இரண்டு கோப்பை டீ, ஆவி பறந்தது. ரிமோட் சட்டைப் பையில். என்னைப் பார்த்ததும் கையால் பையை மூடினார்.

"வா தங்கச்சி. பசியாறிட்டியா?"

"எத்தன நாளா அண்ணே?"

மழுப்பப் பார்த்தார். முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மொத தரம் தெரியாமத்தான் லா அமுக்குனேன். நம்ம டிவிய அடைக்கப் போனா அங்கயும் அடைஞ்சிருச்சு. எனக்கே சிரிப்பு. அவரு வெளிய வந்து, 'என்னான்னு தெரியல, படம் போயிருச்சு'ன்னாரு. வந்தவரு இங்க உக்காந்தாரு. அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தோம்." டீக் கோப்பையைத் திருப்பி வைத்தார். "அதுக்கு முந்தி தெனமும் நாலு மணிக்கு வருவாருதானே. பத்து வருசமா. இந்த டிவி வந்ததுல இருந்து வர்றதே இல்ல. நானும் டீய ஊத்தி வெச்சுப் பாக்கறேன். ஆறிப்போயிரும்."

"அதுக்காக இருபத்து மூணு தரமா?"

"எண்ணி வெச்சிருக்காரா?"

"எழுதி வெச்சிருக்காரு."

"ஆனா பாரு, இப்பல்லாம் அடைச்சாலும் வர மாட்டேங்கிறாரு. உள்ள ஒக்காந்து கடைக்குப் போன் போடுறாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அண்ணே, வாசல்ல நின்னு 'டீ குடிக்க வாங்க'ன்னு ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

 எதிர் வீட்டைப் பார்த்தார்.

"என்னான்னு கூப்புடுறது தங்கச்சி? நாப்பது வருசம் கிராணியாரேன்னு கூப்பிட்டேன். இப்ப ரோட்டுல நின்னு அப்படிக் கத்துனா, பையனோட மாமனாருக்கு மரியாத மாதிரி இல்ல. என் பையனுக்கும் மரியாத இல்ல. சம்பந்தின்னு கூப்புட எனக்கு வாய் வரல. பேரு சொல்ல முடியுமா? முந்தி அவரே வந்துருவாரு, கூப்புடத் தேவையே இல்ல."

நான் மாலதி அழுததைச் சொன்னேன். சுரேஷ் வரமாட்டேன் என்றதையும், வளைகாப்பு வேண்டாம் என்ற பேச்சையும் சொன்னேன். அது எதுவுமே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. லோரி ஸ்டியரிங்கைப் பிடித்த பெரிய கைகள் இரண்டையும் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார்.

ஒரு வழி இருந்தது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஆம்ப்ளிஃபயரில் ஒரு அடையாள எண்ணை மாற்றினால் எதிர் வீட்டு ரிமோட்டை அது கேட்காது. டிவியின் கண்ணுக்கு மேலே அரை அங்குலப் பிசின்தாள் ஒட்டினால் தூரத்திலிருந்து வரும் வெளிச்சம் எட்டாது. பத்து நிமிடத்தில் செய்துவிட்டு, "ஒரு பாகம் கெட்டிருந்தது, மாற்றிவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். முனியாண்டி அண்ணன் மானம் தப்பும். ஆனால் சுரேஷ் கெட்டுப்போன சாமானைத் தள்ளிவிட்டான் என்பது உண்மையாகிவிடும். அந்த வெளிச்சம் பலமான ரிமோட்டைத் தேடி எடுத்தவளும் நான்தான்.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணே. நீங்கதான் சொல்லணும்."

முழங்காலிலிருந்து கையை எடுத்தார். பிறகு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாதையைத் தாண்டினார். நான் பின்னால் போனேன்.

கிராணியார் டிவியைத் திறந்து மறுபடியும் சமையல் பார்த்துக்கொண்டிருந்தார். முனியாண்டி அண்ணன் வாசற்படியிலேயே நின்றார்.  பையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். சிவப்புப் பட்டனை அழுத்தினார்.

அணைந்தது.

கிராணியார் டிவியைப் பார்த்தார், திரும்பி வாசலைப் பார்த்தார், மறுபடியும் டிவியைப் பார்த்தார்.

"நீயா?"

"நாந்தான்."

"இருபத்து மூணு தடவையும்?"

"இதோட இருபத்தஞ்சு," என்று நான் குறுக்கே வாயை விட்டேன். இன்றைய இரண்டையும் அவர் இன்னும் எழுதவில்லை.

கமலம் அக்காதான் முதலில் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார், அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. கிராணியார் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. மருமகனை என்னென்ன பேசினோம் என்று அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். நோட்டை எடுத்து விரித்தார். அலுவலகத்தில் லோரிக்காரரை நிறுத்தி விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"பதிமூணாந்தேதி ஏன் அடைக்கல? பத்தொம்பது, இருவது அடைக்கல. ஏன்?"

"மழ," என்றார் முனியாண்டி அண்ணன். "மழையில வெளிய எப்படி ஒக்கார்றது?"

கிராணியார் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி எதிர் வீட்டைப் பார்த்தார். எதிர் வீட்டு ஸ்டூலில் இரண்டு கோப்பை இருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். நோட்டை மூடி அலமாரிக்குள் வைத்தார்.

"பாக்கியம், இந்தாளு ரிமோட்டு இங்க வேலை செய்யாதபடி பண்ணு. இப்பவே பண்ணு."

செய்தேன். அடையாள எண்ணை மாற்றினேன், பிசின்தாளை ஒட்டினேன். முனியாண்டி அண்ணனை எதிர் வீட்டு ஜன்னலில் நிற்கவைத்து அழுத்தச் சொன்னேன். பத்து தரம் அழுத்தினார். சமையல்காரி அசையவில்லை. அவர் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலை எனக்கே என்னவோ போல் இருந்தது.

அந்த நேரம் கிராணியார் வாசலுக்கு வந்தார். செருப்பை மாட்டினார். பாதையைத் தாண்டிப் போய், காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"சீனி பத்தல," என்றார். பிறகு, "இனிமே கூப்புடணும்னா வாயத் தொறந்து கூப்புடுய்யா. சம்பந்தின்னு கூப்புடு. நாந்தானே ஒனக்குச் சம்பந்தி, வேற யாரு இருக்கா?"

முனியாண்டி அண்ணன் தலையை ஆட்டினார். அன்றைக்குக் கூப்பிடவில்லை.

கடைக்குத் திரும்பித் தவுக்கேயிடம் முழுக்கச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, மழை என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு என்ன தப்பு என்று புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன், அவர் துடைத்தது கண்ணாடியை மட்டுமில்லை.

கிராணியார் அன்று மாலையே ஈப்போவுக்குப் போன் செய்து மருமகனிடம் பேசினாராம். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை, "டிவி ரொம்ப நல்ல டிவி மாப்ள" என்று மூன்று தரம் சொன்னாராம். வளைகாப்பு குறித்த நாளில் நடந்தது. எனக்கும் இரண்டு கைக்கும் வளையல் போட்டுவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அதே வரிசையில் கடைசி வீட்டுக்கு ஒரு டிகோடர் மாட்டப் போனேன். ஏணியில் நின்றிருந்தேன். நாலு மணி இருக்கும். மலை இறக்கத்தில் லோரியை நிறுத்தச் சொல்லிக் கத்துகிற மாதிரி ஒரு குரல், இரண்டு வரிசை வீடும் அதிர எழுந்தது.

"சம்பந்தீ..."

எல்லா ஜன்னலிலும் திரை அசைந்தது. நாகலிங்கம் ஐயா வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக வெளியே வந்தார்.

"வர்றேன்யா, வர்றேன். கீழ ரிங்லெட் டவுன் வரைக்கும் கேக்கும்போல."

"கேக்கட்டும் லா," என்றார் முனியாண்டி அண்ணன், டீயை ஊற்றிக்கொண்டே.